மின்சார ஆபீஸில் ஒரு கோடை

பதினாலாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பெசோ, நாற்பது சென்ட். ஒப்துலியா மின்சாரத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி என்று காகிதம் சொன்ன தொகை அது. அந்தக் காகிதம் கதவிடுக்கில் செருகிக் கிடந்த அன்று, எல்லையோரப் பாலைவன ஊரான மெஹிகாலியில் நாற்பத்தாறு டிகிரி வெயில். காகிதம்கூடக் கையைச் சுட்டது.

சிமெண்டுக் கல் சுவரும் தகரக் கூரையுமாக இரண்டே அறைகள் கொண்ட வீடு. உள்ளே ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு பல்பு, ஒரு மேசை விசிறி, புருஷன் நிக்கானோர் நாள் முழுக்கக் கேட்கும் ரேடியோ. இரண்டு மாதத்துக்கு முந்நூறு பெசோவைத் தாண்டி அந்த வீட்டுக்குப் பில் வந்ததில்லை. வெங்காயத்தாள் வயலில் விடிவதற்கு முன்பே குனிந்தால் பத்து மணிக்கு நிமிரும்போது கையில் முந்நூறு பெசோ இருக்கும். ஆக, அந்தப் பாக்கி என்பது நாற்பத்தெட்டு நாள் முதுகு. ஒப்துலியா அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

மறுநாளே மின்சார ஆபீஸுக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் யாதிரா என்ற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் தோன்யா என்ற சொல்லோடு சொன்னாள்.

"உங்க ஜன்னல்ல ரெண்டு டன் ஏசி ஓடுதுன்னு எழுதியிருக்கே, தோன்யா."

"ஓடுதா? அது எங்கயும் ஓடாதும்மா. வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்ல அதுக்கு. இந்தக் கோடைக்குன்னு பழைய இரும்புக் கடையில நூத்தி இருபது பெசோவுக்கு வாங்கின வெறுங்கூடு. உள்ள ஈரச் சாக்கு தொங்கவிட்டிருக்கேன். காத்து வந்தா கொஞ்சம் குளிரும். வரலைன்னா என்னை மாதிரி அதுவும் சும்மா உக்காந்திருக்கும்."

யாதிராவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நடந்தது என்னவென்று அவளுக்கும் தெரியும். கோடையில் மீட்டர் பார்க்க வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. மீட்டர் பெட்டியின் இரும்புக் கதவு தோசைக்கல் மாதிரி காய்ந்திருக்கும், தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அதனால் தெருவிலிருந்தே ஜன்னலைப் பார்த்து, எத்தனை ஏசி தொங்குகிறதோ அத்தனைக்கும் குத்துமதிப்பாக யூனிட் எழுதிவிட்டுப் போவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஏசி வைத்திருக்கிறவர்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் அதன்மேல் பழைய துணியைத் தொங்கவிட்டு மறைத்துவிடுவார்கள். ஒப்துலியாவிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் மறைக்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

"ஆள் வந்து பாத்தாத்தான் மாத்த முடியும்," என்றாள் யாதிரா. "ஆனா வெயில் நாள்ல பதினொரு மணிக்கு மேல வெளிவேலை கிடையாது. பட்டியல் நீளமா இருக்கு. உங்க முறை அக்டோபர்ல வரும். அதுவரைக்கும் இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடுங்க. இப்ப மூவாயிரம், மிச்சம் மாசாமாசம் தொள்ளாயிரத்துச் சொச்சம். லைனை வெட்ட மாட்டாங்க."

"போட்டா?"

"பாக்கியை ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

"அப்ப அக்டோபர்ல ஆள் வந்து பாத்து என்ன பிரயோஜனம்? நான் தின்னாத சோத்துக்கு நான் எதுக்கும்மா பாத்திரம் கழுவணும்?"

கையெழுத்துப் போடாமல் திரும்பினாள். இரண்டாம் நாள் கம்பத்தில் ஏறி ஒயரை வெட்டிவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு பெத்ரா ஓடி வந்தாள். ஒப்துலியாவின் மகளுக்கு அவள் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐந்நூறு பெசோ குடு கோமாத்ரே. என் மச்சினன் வந்து கம்பத்துல ஒரு கொக்கி மாட்டிட்டுப் போவான். பொழுது சாயறதுக்குள்ள விசிறி சுத்தும். இந்தத் தெருவுல பாதி வீடு அப்படித்தான் ஓடுது."

"வேணாம்."

"ஏன், சொர்க்கத்துல இடம் போட்டு வச்சிருக்கியா?"

"திருடலைன்னு சொல்லிச் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். கொக்கியை மாட்டிட்டு எந்த வாயால சண்டை போடுறது?"

"நீ சண்டை போடு. உன் புருஷன் வேகட்டும்," என்று சொல்லிவிட்டு பெத்ரா போனாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. கால்மணி நேரத்தில் ஒரு பை ஐஸ் கொண்டுவந்து வைத்தாள்.

வேகாமல் இருக்க ஒப்துலியாவுக்கு வழி தெரியும். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூரைமேல் இருக்கும் தொட்டித் தண்ணீர் பகலில் கொதிக்கும். அதனால் கோடை பிறந்ததும் கேஸ் பாய்லரை அணைத்துவிட்டு, விடியற்காலைத் தண்ணீரை அதற்குள் நிரப்பி வைப்பார்கள். நிழலில் நிற்கும் பாய்லர் மத்தியானத்திலும் குளிர்ச்சி காக்கும். வெயில் காலத்தில் சுடுதண்ணீர்க் குழாயில்தான் பச்சைத்தண்ணீர் வரும். வயலிலிருந்து வந்ததும் ஜன்னல்களையெல்லாம் அட்டை வைத்து அடைத்தாள். தரையில் தண்ணீர் தெளித்து, மெத்தையைச் சுருட்டி ஓரம் தள்ளி, நிக்கானோரை வெறுஞ்சிமெண்டில் படுக்கச் சொன்னாள். ஈர விரிப்பு, எலுமிச்சையும் உப்பும் போட்ட தண்ணீர், அடுப்பு மூட்டாத சாப்பாடு, பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் கித்தான் கட்டில். இப்படியே ஜூன் ஓடியது. ஜூலையிலும் பாதி ஓடியது.

ஆனால் நிக்கானோரின் நெஞ்சு பழைய நெஞ்சு இல்லை. முப்பத்தொரு வருஷம் செங்கல் சூளையில் புகை குடித்த நெஞ்சு. ஐம்பது டிகிரி அடித்த அன்று ஒப்துலியா வயலிலிருந்து வந்து பார்த்தபோது அவர் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலில் துளி வேர்வை இல்லை. அவளைப் பார்த்து, செத்துப்போன தன் அக்காவின் பேரைச் சொல்லி, "குதிரைக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டார்.

ஈர விரிப்பில் அவரைச் சுற்றி, பெத்ராவின் மச்சினன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் இளம் வயதுக்காரி. ஊசியும் ஐஸும் போட்டு, பொழுது சாய்வதற்குள் அவரை மனுஷராக்கினாள். பிறகு ஒப்துலியாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பதினோரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இவர் குளிர்ந்த இடத்துல இருக்கணும். ஈரத்துணி எல்லாம் பத்தாது. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்ல."

பெத்ரா வீட்டில் ஒரே அறையில்தான் ஏசி. அதில் ஒன்பது பேர். மறுபக்கம், எல்லைச் சுவரைத் தாண்டி அடுத்த நாட்டில் மகள் இருக்கிறாள். ஆனால் நிக்கானோருக்குச் சுவரைத் தாண்ட விசாக் காகிதம் இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து ஒப்துலியா ஒவ்வொரு இடமாக யோசித்தாள். இந்த ஊரிலேயே அதிகம் குளிர்கிற இடம் எது? போன மாதம் அவள் பல் கிடுகிடுத்த இடம் எது? யோசித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று தொடையில் தட்டினாள்.

"கிழவா, நாளைக்கு நல்ல சட்டை போட்டுக்க."

"எங்க, சாவுக்கா?"

"மின்சார ஆபீஸுக்கு."

மறுநாள் பத்தரை மணிக்கு இருவரும் அங்கே இருந்தார்கள். கையில் கோதுமை ரொட்டியில் சுருட்டிய பீன்ஸ், தோளில் போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு விரிப்பு. வாசலில் டோக்கன் வாங்கினாள். எண் எழுபத்தொன்று. கூப்பிட்டதும் போய் யாதிராவிடம் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

"உங்க புகார் பரிசீலனையில இருக்கு தோன்யா."

"சரிம்மா. பரிசீலிங்க. காத்திருக்கேன்."

போய் இன்னொரு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி சொன்னாள். நிக்கானோர் விரிப்பைப் போர்த்திக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கினார். மூச்சு இழுப்பே கேட்கவில்லை. ஒப்துலியா அந்த மூச்சைத்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காவலாளி வந்தான்.

"இது என்ன ஓட்டலா, தோன்யா?"

"சுவத்துல உங்க போர்டு என்ன சொல்லுது? விவகாரம் முடியாதவங்க கூடத்துல காத்திருக்கலாம். எனக்கு முடியலையே."

"அதுக்காகத் தினமும் வருவாங்களா?"

"நீ தினமும் வரலையா? நானாவது சாப்பாடு கொண்டாறேன். நீ என் பீன்ஸையே பாத்துக்கிட்டு நிக்கிறே. இந்தா, ஒண்ணு எடுத்துக்க."

அவன் எடுத்துக்கொண்டான். அதைத் தின்றுகொண்டே வாசலுக்குத் திரும்பிப் போனான்.

இந்த மாதிரி சங்கதி அந்த ஊரில் ஒரு மத்தியானத்தில் பரவிவிடும். ஒயர் வெட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, டோமினோ கட்டைகளோடு இரண்டு கிழவர்கள், பின்னல் ஊசியோடு ஒரு டீச்சர். பெத்ராவும் வந்தாள்.

"உனக்குத்தான் கொக்கி இருக்கே கோமாத்ரே, உனக்கென்ன விவகாரம்?"

"இங்கதான் ஏசி நல்லாருக்கு," என்றாள் பெத்ரா.

எட்டாம் நாள் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பணம் கட்ட வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். அன்று பன்னிரண்டரை மணிக்கு உள்ளறையிலிருந்து மேலதிகாரி வந்தார். இஞ்சினியர் உர்கிதி. மலைமேல் இருக்கும் குளிர் ஊர்க்காரர், எட்டு மாதம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். கழுத்தில் டை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். காவலாளியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"மெஷின் பழுது," என்றார் இஞ்சினியர். "கூடத்தைக் காலி பண்ணுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யாரும் அசையவில்லை. எல்லாரும் ஒப்துலியாவைப் பார்த்தார்கள். ஒப்துலியா நிக்கானோரைப் பார்த்தாள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தக் கூடம் அடுப்பாகும். வீட்டுக்குக் கிளம்பினால் ஐம்பது டிகிரியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இங்கேயே இருந்தால் எப்படி ஆகுமோ.

"எழுந்திருக்கலாமா, கிழவா?" என்று மெல்லக் கேட்டாள்.

நிக்கானோர் கண்ணைத் திறந்தார். "முப்பத்தொரு வருஷம் சூளை வாசல்ல நின்னவன் நான். டை கட்டினவன் ஊதி அணைக்கிற நெருப்பா இது? உக்காருடி. நீ எழுந்திரிச்சா நானே உன்மேல கேஸ் போடுவேன்."

ஒப்துலியா எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. போர்த்தியிருந்த விரிப்பை உருவிக்கொண்டு குடிதண்ணீர்ப் பானை இருக்கும் இடத்துக்குப் போய் அதை நனைத்தாள். வரிசை கட்டும் கயிறு இரண்டு கம்பத்துக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் விரிப்பைப் போட்டு, நிக்கானோரைச் சுற்றி ஒரு கூடாரம் ஆக்கினாள்.

அவ்வளவுதான். மற்றவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? குளிருக்கென்று கொண்டுவந்த விரிப்புகளெல்லாம் நனைந்து கயிற்றில் ஏறின. டீச்சர் தரை துடைக்கும் வாளியைத் தேடிப் பிடித்துத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தாள். வெயில் உள்ளே விழும் கண்ணாடியை அடைக்க அட்டை இல்லை. டோமினோ கிழவர்களில் ஒருவர் தன் மின்சார பில்லைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டினார். ஒட்டிக்கொண்டது. பிறகு எல்லாரும் தங்கள் தங்கள் பில்லை எடுத்தார்கள். சிலரிடம் ஒரு வருஷத்துப் பில் இருந்தது. கால்மணியில் மேற்குச் சுவர் பூராவும் பாக்கிக் காகிதம். கூடம் நிழலானது.

"எங்க ஊர்க்காரன் நரகத்துக்குப் போனா, அங்க குளிருதுன்னு போர்வை எடுக்க வீட்டுக்குத் திரும்பி வருவான்," என்று பெத்ரா இஞ்சினியரின் அறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "தெரியாதவங்க தெரிஞ்சுக்கட்டும்!"

இஞ்சினியர் கால்மணியில் கூடம் காலியாகும் என்று நினைத்திருப்பார். கூடத்துக்கும் உள்ளறைகளுக்கும் ஒரே மெஷின், ஒரே குழாய் என்பதை அவர் யோசிக்கவில்லை. கண்ணாடிக் கூண்டுகளுக்குள் ஜன்னல் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் கம்ப்யூட்டர் வேறு மூச்சு விட்டது. ஒன்றரை மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் அணைந்தது. ஒன்றேமுக்காலுக்கு யாதிரா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூண்டை விட்டு வெளியே வந்தாள். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"இங்க உக்காரு பொண்ணே," என்று ஒப்துலியா அவளுக்கு இடம் விட்டாள். "காலை வாளித் தண்ணில வை. மடக்கு மடக்குன்னு குடிக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக் குடி."

அவளுக்குப் பின்னால் மற்ற குமாஸ்தாக்களும் ஒவ்வொருவராக வந்து ஈர விரிப்புகளுக்கு அடியில் நுழைந்தார்கள். ஒப்துலியாவின் கண் மட்டும் நிக்கானோரின் மார்பை விட்டு நகரவில்லை. மூச்சு கொஞ்சம் வேகமாகியிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது. வேர்வை இருக்கும்வரை பயமில்லை. இன்னும் அரை மணி பார்ப்போம், வேர்வை நின்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு இஞ்சினியர் வந்தார். டையைக் காணோம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடிச் சுவரில் பாக்கிக் காகிதங்களைப் பார்த்தார். தன் ஆட்கள் விரிப்புக்கு அடியில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"மெஷின் சரியாயிடுச்சா இஞ்சினியர்?"

"ஆயிடும். உனக்கு என்ன வேணும், சொல்லு."

"முதல்ல சரியாகட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

அவர் காவலாளியைப் பார்த்துத் தலையாட்டினார். சத்தம் மறுபடி ஓட ஆரம்பித்ததும் நாற்பது பேரும் கைதட்டினார்கள். குமாஸ்தாக்களும் தட்டினார்கள்.

"இப்ப சொல்றேன்," என்றாள் ஒப்துலியா. "என் வீட்டுக்கு வந்து பாருங்க. அக்டோபர்ல இல்ல, இன்னிக்கு. இந்த வெயில்லயே. அந்த ஏசி உள்ள கையை விட்டுப் பாருங்க. குளிர்ந்த காத்து வந்தா நாற்பத்தெட்டு நாள் கூலியையும் கொண்டாந்து கட்டுறேன்."

நிக்கானோரைப் பெத்ராவிடம் ஒப்படைத்துவிட்டு இஞ்சினியரின் வண்டியில் ஏறினாள். வண்டி நின்றதும் அவர் இறங்கி, தகரக் கூரையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். "இதுக்குள்ளயா இருக்கீங்க?" என்றார். ஒப்துலியா கதவைத் திறந்து விட்டாள்.

அவர் ஜன்னல் கூட்டுக்குள் கையை விட்டார். காய்ந்துபோன சாக்கு கையோடு வந்தது. பின்னால் வெறும் வெளிச்சம். வெளியே போய்க் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மீட்டர் பெட்டியைத் திறந்தார். எண்ணை எழுதிக் கழித்துப் பார்த்தார். காகிதத்தில் ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல் இருந்தது. மீட்டரில் ஓடியிருந்தது நானூறுகூட இல்லை. தூசி படிந்த முகத்தைக் கழுவ முற்றத்துக் குழாயைத் திறந்தவர் "ஆ!" என்று கையை உதறினார்.

"அதுல இல்ல இஞ்சினியர், சுடுதண்ணிக் குழாயைத் திறங்க. பச்சைத்தண்ணி அதுலதான் வரும்."

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பிய இஞ்சினியர் ஆபீஸில் நுழைந்ததும் நேராக யாதிராவின் கூண்டுக்குப் போய், ஒப்துலியாவின் பில்லை வாங்கி, பதினாலாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பெசோ நாற்பது சென்ட்டின்மேல் பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் "மீட்டர் கணக்கெடுப்பில் தவறு, ரத்து" என்று எழுதினார். கீழே இருநூற்றுத் தொண்ணூற்றாறு பெசோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது நீங்க நெஜமாவே செலவழிச்சது. லைன் மாட்டுறதுக்குப் பணம் வேணாம். நாளைக்குக் காலையில ஆள் வருவான்."

"நாளைக்கா?" என்றாள் ஒப்துலியா. "அப்ப இன்னிக்கு நாலு மணி வரைக்கும் நாங்க இங்கதான்."

பின்னாலிருந்து வயிற்றுப் பிள்ளைக்காரி எழுந்தாள். "இஞ்சினியர், வண்டிச் சாவியை உள்ள வச்சிடாதீங்க. என் வீடு கிட்டத்தான்." டோமினோ கிழவர்கள் கட்டைகளை அள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். இஞ்சினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

ஒப்துலியா இடுப்புப் பையிலிருந்து பணத்தை எடுத்தாள். காலையில் வயலில் வாங்கின முந்நூறு, வெங்காய வாசனையோடு. தின்ற சோற்றுக்குக் கொடுக்க அவளுக்கு எந்தக் காலத்திலும் மனத்தாங்கல் இருந்ததில்லை. யாதிரா வாங்கி எண்ணி, நாலு பெசோ மீதி கொடுத்து, காகிதத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பாக்கி இல்லை.